இலவச விளையாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் சென்ற விடுமுறையில் என்னை ஒரு கேள்வி கேட்டான். "மாமா, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் செல்பேசியில் விளையாடுகிறோம். ஒருவன்கூட ஒரு பைசா கொடுத்ததில்லை. அப்புறம் இந்தக் கம்பெனிகள் எப்படிப் பிழைக்கின்றன?"

நல்ல கேள்வி. சரக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு, "விருப்பம் இருந்தால் உள்ளே வந்து வேறு ஏதாவது வாங்கிக்கொள்" என்று சொல்லும் கடை நிலைக்குமா? முறுக்குக் கடைக்காரர் ஒருவர் வருவோர் போவோருக்கெல்லாம் வயிறாரக் கொடுத்துவிட்டு, நூற்றில் நான்கு பேர் மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று இருந்தால் ஒரு வாரத்தில் கடையை மூடவேண்டியதுதான். ஆனால் செல்பேசி விளையாட்டில் இதே வியாபாரம் அமோகமாக நடக்கிறது. எப்படி என்பதைப் பார்ப்போம். பிறகு என் கருத்தையும் சொல்கிறேன். அதை நீங்கள் ஏற்கவேண்டும் என்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவற்றைத் தடை செய்ய நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. நான் பேசுவது, விளையாட இலவசமாகவும், உள்ளே கூடுதல் லைஃப், கல், உடை, பெட்டி என்று சிலவற்றை விலைக்கு விற்பதாகவும் உள்ள விளையாட்டுகளைப் பற்றி.

ஆப்பிள் கம்பெனி தன் செயலிக் கடையை 2008 ஜூலையில் திறந்தது. அப்போது ஒரு விளையாட்டு ஒன்று முழுக்க இலவசம், அல்லது முழுக்க விலைக்கு. 2009 அக்டோபரில்தான் இலவசச் செயலிக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று அனுமதித்தார்கள். அந்தச் சிறு விதி மாற்றம் ஒரு தொழிலையே புரட்டிப்போட்டது.

நூற்றில் நான்கு பேர்

கேண்டி கிரஷ் சாகா உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கிங் என்ற ஐரோப்பியக் கம்பெனி 2012இல் வெளியிட்ட விளையாட்டு அது. கிங் 2014 மார்ச்சில் தன் பங்குகளை நியூயார்க் பங்குச் சந்தையில் விற்க வந்தது. பங்கு விற்கும் கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தை ஊருக்குத் திறந்து காட்டவேண்டும். அதனால்தான் வழக்கமாக வெளியே வராத சில எண்கள் நமக்குக் கிடைத்தன.

2013இல் அந்தக் கம்பெனியின் வருமானம் சுமார் 188 கோடி டாலர். லாபம் சுமார் 57 கோடி டாலர். அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வந்த வரவில் 78 சதவீதம் கேண்டி கிரஷ் என்ற ஒரே விளையாட்டிலிருந்து. ஆக, இலவச விளையாட்டால் லாபம் சம்பாதிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது.

ஆனால் கூர்ந்து பார்க்கவேண்டிய எண் வேறு. அதே மூன்று மாதங்களில் பணம் கொடுத்தவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 1 கோடியே 22 லட்சம் பேர். விளையாடியவர்களில் இது 4 சதவீத அளவுதான். அந்த நால்வர் ஒவ்வொருவரும் சராசரியாக மாதம் 17 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் இது ஆயிரம் ரூபாய்க்கும் கூடுதல். என் அக்கா மகனின் வகுப்பில் பணம் கொடுக்கும் ஆள் ஒருவரும் இல்லாததில் வியப்பே இல்லை.

மற்ற 96 பேரை ஏன் கம்பெனி தாங்குகிறது? முறுக்கு ஒவ்வொன்றுக்கும் மாவு, எண்ணெய், விறகு செலவாகிறது. விளையாட்டின் ஒரு பிரதி கூடுதலாக ஒருவர் செல்பேசிக்குப் போவதால் கம்பெனிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அதோடு அந்த 96 பேர்தான் கூட்டம். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் அந்த நான்கு பேரும் வருவார்கள். (இப்போது பல விளையாட்டுகள் அந்த 96 பேருக்கு விளம்பரம் காட்டியும் காசு பார்க்கின்றன. அது தனிக் கதை.)

கணக்காகப் பாருங்கள். நான்கு பேர் கொடுத்த 17 டாலரை மொத்த நூறு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 68 சென்ட். எல்லாரிடமும் 68 சென்ட் கேட்டிருந்தால் இதே தொகை வந்திருக்குமா? வந்திருக்காது. கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரும்பாலோர் போய்விடுவார்கள். அந்தக் காலத்து டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று மூன்று விலை வைத்தது இதற்காகத்தான். கொடுக்க முடிந்தவரிடம் கூடுதலாகவும் முடியாதவரிடம் குறைவாகவும் வாங்கு. இலவச விளையாட்டு அதே தந்திரத்தை நீட்டிவிட்டது: தரை டிக்கெட் பூஜ்யம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கொட்டகையில் நாற்காலி டிக்கெட்டுக்கு மேல் டிக்கெட் கிடையாது. எவ்வளவு பெரிய பணக்காரரும் அதற்கு மேல் ஒரு காசு கொடுக்கமுடியாது. இலவச விளையாட்டில் அந்த மேல் எல்லை இல்லை. 17 டாலர் என்பது சராசரி. சராசரியின் குணம் உங்களுக்குத் தெரியும். ஒரு டாலரோடு நிறுத்தியவரும், நூற்றுக்கணக்கில் கொட்டியவரும் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகையினருக்குத் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது: 'திமிங்கிலம்'. சூதாட்ட விடுதிகளிலிருந்து கடன் வாங்கிய பெயர் அது. பெயர் வைத்தவர்கள் தங்களை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எல்லா இலவச விளையாட்டும் லாபம் பார்க்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வரும் பணத்தில் செயலிக் கடைக்குப் பெரும்பாலும் 30 சதவீதம் வரை கழிவு போகிறது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு நடுவே தன் பெயர் தெரிய, பெரிய கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் இறைக்கின்றன. ஒரு ஆட்டக்காரரைக் கொண்டுவர ஆகும் செலவு அவரால் வரும் சராசரி வருமானத்தைவிடக் கூடினால் நஷ்டம்தான்.

மாரியோ கற்ற பாடம்

நேர்மையாக ஒரே விலை சொல்லி விற்றால் என்ன? ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி அதைச் செய்துபார்த்தது. உலகமே அறிந்த மாரியோவை வைத்து 'சூப்பர் மாரியோ ரன்' என்ற விளையாட்டை 2016 டிசம்பரில் வெளியிட்டது. தொடக்கத்தில் சில லெவல்கள் இலவசம். பிடித்திருந்தால் 9.99 டாலர் ஒரே தடவை கொடுத்து மீதி முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பின் யாரும் உங்களிடம் கை நீட்டமாட்டார்கள்.

2017 அக்டோபர் அளவில் அது சுமார் 20 கோடி தடவை பதிவிறக்கப்பட்டிருந்தது. இருந்தும், ஏற்கத்தக்க லாபத்தை அது இன்னும் எட்டவில்லை என்று நின்டெண்டோவே அறிவித்தது. அதே கம்பெனி 2017 பிப்ரவரியில் 'ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்' என்ற மற்றொரு விளையாட்டையும் வெளியிட்டிருந்தது. பதிவிறக்கம் மாரியோவோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. வருமானமோ அதிகம். காரணம், அதில் வீரர்களை நேராக விலைக்கு வாங்கமுடியாது. கல் கொடுத்துக் குலுக்கவேண்டும். எந்த வீரர் வருவார் என்பது அதிர்ஷ்டம்.

இந்த இரண்டு விளையாட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. லாபம் வருவது இலவசமாகக் கொடுப்பதால் அல்ல. மாரியோவும் தொடக்கத்தில் இலவசம்தானே? 'இத்தோடு முடிந்தது' என்று சொல்லும் விலை ஒன்றை வைக்காமல் இருப்பதால்தான் லாபம் வருகிறது.

என்ன விற்கிறார்கள்?

கேண்டி கிரஷில் உங்களுக்கு ஐந்து லைஃப். தோற்றால் ஒன்று போகும். போன ஒன்று திரும்ப வர 30 நிமிடம். ஐந்தும் போய்விட்டால் காத்திருக்கவேண்டும், நண்பரிடம் கேட்கவேண்டும், அல்லது வாங்கவேண்டும். அந்த 30 நிமிடக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது? இயற்கையில் இல்லை, செல்பேசிக்கு மூச்சு வாங்குவதுமில்லை. விளையாட்டை எழுதியவர்கள் வைத்த காத்திருப்பு அது. முதலில் தடுப்பை எழுப்பிவிட்டு, பிறகு தடுப்பைத் தாண்ட ஏணி விற்கிறார்கள்.

இதை எழுதுவதற்காக நானும் இதுபோன்ற ஒரு புதிர் விளையாட்டை இரண்டு வாரம் ஆடிப்பார்த்தேன். பெயர் வேண்டாம். முதல் இருபது லெவல்கள் வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு போயின. என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தேன். நாற்பதுக்கு அருகில் மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு நகர்வு இருந்தால் ஜெயித்திருப்பேன் என்ற இடத்தில் ஆட்டம் முடியும், உடனே "இன்னும் ஐந்து நகர்வு வேண்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு 89 ரூபாய் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. பெட்டிக்குள் ஒரு பொத்தான். புறா கொத்தினால் தானியம் விழும். பத்துக் கொத்துக்கு ஒரு தடவை தவறாமல் தானியம் என்று வைத்தால், புறா தின்றுவிட்டுச் சற்று ஓய்வெடுக்கும். சில தடவை மூன்று கொத்தில், சில தடவை முப்பது கொத்தில் என்று முறையில்லாமல் வைத்தால் ஓய்வே எடுக்காது. ஒரே வேகத்தில் கொத்திக்கொண்டிருக்கும். தானியத்தை அடியோடு நிறுத்திய பின்னும் வெகுநேரம் விடாது. ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து ஸ்கின்னர் இந்த முடிவுகளை 1957இல் பெரிய நூலாக வெளியிட்டார். மனிதன் புறா அல்ல என்று நீங்கள் சொல்லலாம். அல்லதான். ஆனால் காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் சூதாட்ட எந்திரமும், கல் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியும் வேலை செய்வது அந்த முறையில்லாத முறையில்தான்.

இனி ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். லூடோப் பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை போதும். 1 முதல் 6 வரை ஆறு எண்களும் குறைந்தது ஒரு தடவையாவது விழும் வரை உருட்டுங்கள். எத்தனை உருட்டல் ஆகும்? ஆறு எண்தானே, பத்துக்குள் முடியும் என்று நினைப்பீர்கள்.

முதல் எண்ணுக்கு ஒரு உருட்டல் போதும். எது விழுந்தாலும் புதிது. அடுத்துப் புதிய எண் விழச் சராசரியாக 6/5, அதாவது 1.2 உருட்டல். பிறகு 6/4, 6/3, 6/2. கடைசியில் மிச்சமிருக்கும் ஒரே எண்ணுக்கு மட்டும் 6 உருட்டல். கூட்டினால் 1 + 1.2 + 1.5 + 2 + 3 + 6 = 14.7. ஐந்து எண்கள் சேரும் வரை ஆன உருட்டல் 8.7தான். அந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் அதில் முக்கால் பங்குக்கு அருகில் தனியாகச் செலவாகிறது. அதற்குள் நிறுத்திவிடலாமே என்றால், ஐந்து சேர்ந்தபின் யாருக்கு நிறுத்த மனம் வரும்?

ஜப்பானில் ஒரு காலத்தில் செல்பேசி விளையாட்டுகள் இதையே வியாபாரமாக்கின. காசு போட்டால் பொம்மை உருண்டை விழும் எந்திரத்துக்கு அங்கே 'கச்சா' என்ற பெயர் உண்டு. கைப்பிடியைத் திருகும்போது எழும் சத்தத்தை வைத்து வந்த பெயர். விளையாட்டில் அதிர்ஷ்டச் சீட்டுகளை விற்று, ஒரு தொகுதியின் எல்லாச் சீட்டுகளையும் சேர்த்தவருக்கு மட்டும் பெரும்பரிசு என்றார்கள். இது 'முழுக் கச்சா'. நம் பகடையில் ஆறு எண்ணுக்கும் வாய்ப்புச் சமம். அவர்கள் சீட்டுகளில் சிலவற்றை வேண்டுமென்றே அரிதாக்கவும் முடியும். அப்போது கடைசிச் சீட்டின் விலை எங்கே போகும் என்று நீங்களே கணக்கிடலாம். சிறுவர்களும் பெருந்தொகை இழந்தார்கள் என்ற புகார்கள் எழுந்தன. சீட்டுகளைப் பொருத்திப் பரிசு தரும் வியாபாரத்துக்கு எதிராகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்நாட்டில் விதி ஒன்று இருந்தது. அது இதற்கும் பொருந்தும் என்று நுகர்வோர் துறை 2012 மே மாதம் அறிவித்தது; கம்பெனிகள் முழுக் கச்சாவைக் கைவிட்டன. சாதாரணக் கச்சா இன்றும் உலகெங்கும் உயிரோடு இருக்கிறது.

அதிலும் ஒரு மயக்கம் உண்டு. 'அரிய வீரர் வரும் வாய்ப்பு 1 சதவீதம்' என்று போட்டிருந்தால், நூறு தடவை குலுக்கினால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு தடவை கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.99. நூறு தடவையும் கிடைக்காமல் போக 0.99ஐ நூறு தடவை பெருக்குங்கள்: 0.366. அதாவது நூறு பேர் நூறு தடவை குலுக்கினால் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறு தடவை குலுக்கிய பிறகும் ஐந்து பேருக்குக் கிடைத்திருக்காது.

"ஆனால் விருப்பம் இருந்தால்தானே வாங்குகிறோம்?" என்றான் என் அக்கா மகன். கம்பெனிகள் சொல்லும் பதிலும் இதுதான். விருப்பம் என்ற சொல்லை நானும் மதிக்கிறேன். ஆனால் விலை தெரிந்து, வாங்கும் பொருள் தெரிந்து, வாங்குகிறோம் என்பதும் தெரிந்து செய்வதுதான் விருப்பம். அமெரிக்காவில் ஆப்பிள் செயலிக் கடையில் முன்பு பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால், அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே எதையும் வாங்கலாம் என்று இருந்தது. பிள்ளைகள் அந்த 15 நிமிடத்தில் வாங்கித் தள்ளினார்கள். 2014 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித்தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அது யாருடைய விருப்பம்? பிள்ளைக்கு அது பணம் என்று தெரியாது. பெற்றோருக்கு வாங்கியது தெரியாது.

கற்களின் கதையும் அப்படியே. ரூபாயை முதலில் கல்லாக மாற்றவேண்டும். கல் 80, 500 என்று கட்டாக விற்கும். பொருளின் விலை 100 கல் இருக்கும். எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். "இந்தத் தொப்பி 140 ரூபாய்" என்றால் யோசிப்பீர்கள். "120 கல்" என்றால் கை தானாகப் போகிறது.

என் கருத்து இதுதான். விளையாட்டு எழுதுகிறவர்களும் சாப்பிடவேண்டும். அவர்கள் காசு கேட்பதில் தவறில்லை. உடை, தொப்பி, புதிய லெவல்கள் என்று பார்த்து வாங்கக்கூடியதை ரூபாயில் விலை போட்டு விற்கட்டும். தானே வைத்த தடுப்புக்குத் தானே ஏணி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெரியவர்கள் ஏமாந்தால் (என்னைப்போல) அது அவர்கள் பாடு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்பதை மட்டும் அறவே நிறுத்தவேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் நிகழ்தகவை வெளியிடவேண்டும் என்பது சட்டம். நல்லதுதான், ஆனால் 1 சதவீதம் என்றால் என்ன என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி அறியும்?

வேறொரு வழியும் இருக்கிறது. சீனாவில் 2019இல் கொண்டுவந்த விதிப்படி 8 வயது ஆகாதவர்கள் செலவிடவே முடியாது. 16 வயது வரை மாதம் 200 யுவான், 18 வயது வரை 400 யுவான். அங்கே விளையாடும் நேரத்துக்கு வைத்த கெடுபிடிகள் எனக்கு அதிகமாகப் படுகின்றன. ஆனால் இந்த உச்சவரம்பு யோசனை சரியானது. கொட்டகையில் நாற்காலி டிக்கெட்டோடு நின்றதே, அந்த மேல் எல்லைதான் இது. அதோடு, இதுவரை இந்த விளையாட்டில் எவ்வளவு ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்ற மொத்தக் கணக்கும் திரையின் மூலையில் எப்போதும் தெரியவேண்டும். ஆட்டோ மீட்டர் போல.

இப்படிச் செய்தால் லாபம் குறையும், தொழில் படுத்துவிடும் என்று கம்பெனிகள் சொல்லும். குறையும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு குறையும் என்பது, இன்றைய வரவில் எவ்வளவு பங்கு நிறுத்தத் தெரியாதவர்களிடமிருந்தும் சிறுவர்களிடமிருந்தும் வருகிறது என்பதைப் பொறுத்தது. அந்த எண் கம்பெனிகளின் கணினியில் இருக்கிறது. வெளியிட்டால், என் பயம் வீண் என்று அவர்கள் எளிதாகக் காட்டிவிடலாம்.